குடும்பப்பெயர் எப்படிப் பெருகுகிறது, எப்படி மறைகிறது?

1954ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்கள் மூவர்: ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன். மூவருக்கும் சென்னை மாநிலக் கல்லூரியோடு தொடர்பு உண்டு. ராஜாஜியும் ராமனும் அங்கே படித்தவர்கள். ராதாகிருஷ்ணன் அங்கே கற்பித்தவர். மூவரின் பெயருக்கு முன்னும் ஓர் இனிஷியல் நிற்கிறது. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன.

ராஜகோபாலாச்சாரியின் ‘சி’ சக்கரவர்த்தி என்ற குடும்பப் பட்டத்தைக் குறிக்கிறது. ராதாகிருஷ்ணனின் ‘எஸ்’ சர்வபள்ளி என்ற முன்னோர் ஊர். தெலுங்குக் குடும்பங்களின் வீட்டுப்பெயர் வழக்கப்படி அது பிள்ளைக்கும் இறங்கியது. அவருடைய மகனான வரலாற்றாசிரியரும் சர்வபள்ளி கோபால்தான். ராமனின் ‘சி’யோ அவருடைய தந்தை சந்திரசேகர ஐயரின் பெயர். ராமனின் மகன், தண்டையார்பேட்டையில் பிறந்த வானியற்பியலாளர் வி. ராதாகிருஷ்ணன். அவரிடம் அந்த ‘சி’ இல்லை. தந்தையின் முழுப் பெயரான வெங்கட்ராமனின் ‘வி’ அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

இப்படிப்பட்ட ஊரில் குடும்பப்பெயர் பற்றிப் பேச்சு எழும்போது மூன்று தவறுகள் சேர்ந்தே வருகின்றன. ஒரே பெயர் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே வம்சம் என்கிறார்கள். அரிய பெயர் என்றால் அழிந்துகொண்டிருக்கும் பெயர் என்கிறார்கள். பரவலான பெயர் என்றால் அந்தக் குடும்பம் செழித்து வாழ்ந்தது என்று பொருள் கொள்கிறார்கள். மூன்றுமே பெரும்பாலும் பிழை. எதனால் என்று புரிந்துகொள்ளப் பள்ளிக் கணக்கு போதும்.

முதலில் ஒரு வரையறை. தலைமுறை மாறினாலும் தான் மாறாமல் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் பெயரையே இங்கே குடும்பப்பெயர் என்கிறேன். இந்த அளவுகோலின்படி சர்வபள்ளி குடும்பப்பெயர். ராமனின் ‘சி’ குடும்பப்பெயர் ஆகாது.

## எண்ணிக்கை வேறு, பங்கு வேறு

அமெரிக்காவில் மிகப் பரவலான குடும்பப்பெயர் ஸ்மித். 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்மித்கள் 23,76,206 பேர். 2010இல் 24,42,977 பேர். பத்து ஆண்டுகளில் அறுபத்தாறாயிரத்துக்கும் மேல் கூடியிருக்கிறார்கள். ஆனால் ஒரு லட்சம் அமெரிக்கர்களை எடுத்துக்கொண்டால் அவர்களில் ஸ்மித்கள் 2000இல் ஏறத்தாழ 881 பேர். 2010இல் 828 பேர்தான்.

மொத்த மக்களில் ஒரு பெயருக்குரிய இந்த விகிதத்தைத்தான் பங்கு என்பார்கள். ஸ்மித்களின் எண்ணிக்கை ஏறியது, பங்கு இறங்கியது, பட்டியலில் முதல் இடம் அப்படியே இருந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை. ஆகவே ‘இந்தப் பெயர் குறைந்துவருகிறது’ என்று யாராவது சொன்னால் எண்ணிக்கையா, பங்கா, வரிசையா என்று கேட்ட பிறகே மேலே பேச வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததாலேயே பாதி வாதங்கள் முடிவில்லாமல் நீள்கின்றன.

## ஒரு பெயர் எப்படி அணைகிறது

கார்த்திகைத் தீபத்தன்று ஓர் அகலின் சுடரைக் கொண்டு அடுத்த அகலை ஏற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விளக்கும் எண்ணெய் தீரும் முன் புதிய விளக்குகள் சிலவற்றை ஏற்றலாம்; ஒன்றைக்கூட ஏற்றாமலும் அணையலாம். சுடர்தான் குடும்பப்பெயர். தெருவில் மொத்த விளக்குகள் குறையாமல் இருந்தாலும், முதலில் ஏற்றிய ஒரு குறிப்பிட்ட விளக்கின் வரிசை அறுந்துபோக முடியும். அந்த இடத்தை வேறொரு விளக்கின் வரிசை நிரப்பிவிடும்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். நூறு ஆண்கள், ஆளுக்கொரு தனிப் பெயர், ஆக நூறு குடும்பப்பெயர்கள். உலகின் பல பகுதிகளில் நடந்ததுபோல் பெயர் மகன் வழியே மட்டும் இறங்குகிறது என்று கொள்வோம். ஒவ்வொருவருக்கும் இரண்டு குழந்தைகள். மகனா மகளா என்பது நாணயம் சுண்டுவது மாதிரி. இரண்டும் மகள்களாக இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே முதல் தலைமுறை முடியும்போதே சராசரியாக 25 பெயர்கள் போய்விடும். யாரும் ஊரை விட்டுப் போகவில்லை, கொள்ளைநோய் இல்லை, குழந்தை இல்லாத வீடும் இல்லை. இருந்தும் நூறில் கால் பங்கு போய்விட்டது.

அடுத்த தலைமுறையில் மறைந்த பெயர்கள் மொத்தம் 39 ஆகும். மூன்றாவதில் 48. அதன் பிறகு வேகம் குறைகிறது. தப்பிய பெயர்கள் ஒவ்வொன்றையும் இப்போது பல ஆண்கள் சுமப்பதால் அவை எளிதில் அறுவதில்லை. பத்தாம் தலைமுறையில், அதாவது இருநூற்றைம்பது முந்நூறு ஆண்டுகளில், 74 பெயர்கள் மறைந்து 26 மட்டும் மிஞ்சியிருக்கும். ஆண்களின் எண்ணிக்கை சராசரியாக அதே நூறுதான். அந்த நூறு பேரை இப்போது 26 பெயர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. பெயருக்கு நான்கு பேர் என்பது சராசரி. அவற்றுள் ஓரிரு பெயர்கள் பத்துப் பேரைத் தாண்டியிருக்கும்.

அந்த ஓரிரு குடும்பங்கள் எதில் சிறந்தவை? எதிலும் இல்லை. நாம் எல்லோருக்கும் ஒரே விதியைத்தான் வைத்தோம். ஒரு பெயர் தழைப்பதற்கும் இன்னொன்று பட்டுப்போவதற்கும் தற்செயல் ஒன்றே போதும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. வம்சப் பெருமை பேசுபவர்கள் ஒருமுறையாவது இதைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஒரு பெயரைத் தொடக்கத்திலேயே பத்து ஆண்கள் சுமந்தால் நிலைமை அடியோடு மாறும். பத்துத் தலைமுறையில் பத்துப் பேரின் வரிசையும் அறுந்து அந்தப் பெயர் மறையும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம்தான். ஆபத்து முழுவதும் ஒருவர் இருவர் மட்டும் சுமக்கும் பெயருக்கே. ஆயிரம் பேர் சுமக்கும் பெயரை ‘அரிய பெயர்’ என்று சொல்லலாம். ‘அழியும் பெயர்’ என்று சொல்ல முடியாது.

சுருக்கமாக: மக்கள்தொகை மாறாமல் இருந்தாலும், வெறும் தற்செயலால் பெயர்களின் வகை குறைந்துகொண்டே வரும், மிஞ்சியவை பெருகும்.

## கால்ட்டன் கேட்ட கேள்வி

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெயர்பெற்ற குடும்பங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைவதைப் பலர் கவலையோடு கவனித்தார்கள். மேட்டுக்குடியினரின் இனப்பெருக்க ஆற்றல் தேய்கிறது என்ற விளக்கம் உலவியது. அது உண்மையா, அல்லது தற்செயலே காரணமா என்று அறிவியலாளர் பிரான்சிஸ் கால்ட்டன் 1873இல் ஒரு கல்வி இதழில் கணக்காகவே கேள்வி எழுப்பினார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை தந்தார். 1874இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் சில வாரிசுகளை விட்டுச்செல்ல, அவர்கள் ஒவ்வொருவரும் மீண்டும் அப்படியே செய்ய, கிளை கிளையாக நீளும் இந்த அமைப்புக்குக் கிளைத்தல் செயல்முறை என்று பெயர். கணித நூல்களில் கால்ட்டன், வாட்சன் இருவர் பெயரையும் சேர்த்தே அதைக் குறிப்பிடுகிறார்கள்.

வாட்சனின் விடையில் ஒரு பெரிய பிழை இருந்தது. எல்லாக் குடும்பப்பெயரும் என்றாவது அழிந்தே தீரும் என்று அவர் முடிவு கட்டினார். உண்மையில் முடிவு சராசரியைப் பொறுத்தது. ஓர் ஆணுக்குச் சராசரியாக ஒரு மகன் அல்லது அதற்கும் குறைவு என்றால் எந்தப் பெயரும் என்றென்றைக்கும் தப்பாது. சராசரி ஒன்றைத் தாண்டினால் சில பெயர்கள் தப்பிவிடும். மேலே போட்ட கணக்கில் இரண்டு குழந்தைகளுக்குப் பதிலாக மூன்று என்று மாற்றினால், நூறில் சுமார் 24 பெயர்கள் மறையும்; அவற்றில் பெரும்பாலானவை முதல் சில தலைமுறைகளிலேயே மறைந்துவிடும். மற்ற 76 நிலைத்துவிடும். மக்கள்தொகை பெருகும் சமூகத்தில்கூட நாலில் ஒரு பெயர் தப்புவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

சரியான விடையைப் பிரான்சின் கணிதவியலாளர் பியனெமே 1845லேயே கண்டிருந்தார். அது வெளியே தெரியாமல் கிடந்தது. டென்மார்க்கில் தொலைபேசி நெரிசலைக் கணக்கிட்ட எர்லாங், தம் தாயின் குடும்பமான க்ராருப் குலம் மறைந்துவருவதைக் கண்டு இதே கேள்வியை மீண்டும் எழுப்பினார். அவர் இறந்த 1929இல் அந்தக் கேள்வி அச்சானது. மறு ஆண்டு அதே நாட்டின் ஸ்டெஃபென்சன் முழு விடையை வெளியிட்டார்.

தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தைகள். அவர்களில் பாதி மகன்கள் என்று கொண்டால் சராசரி 0.7 மகன்; கிளைத்தல் கணக்கில் இது ஒன்றுக்குக் கீழே விழும் சராசரி. மகன் வழி மட்டும் இறங்கும் பெயர்களுக்கு இது நல்ல செய்தி இல்லை. மகளுக்கும் பெயர் இறங்கும் வழக்கம் வந்தால் கணக்கே மாறிவிடும்.

## பிறப்பால் மட்டும் மாறுவதில்லை

கிளைத்தல் கணக்கு பாதிக் கதைதான். இடப்பெயர்ச்சி அதைவிட வேகமாக வேலை செய்யும். அமெரிக்கப் பட்டியலில் படேல் 2000இல் 172ஆவது இடத்தில் இருந்தது, 1,45,066 பேர். 2010இல் 2,29,973 பேருடன் 95ஆவது இடத்துக்கு வந்துவிட்டது. ஒரு பெயர் பத்தே ஆண்டில் பாதிக்கும் மேல் வளர்வது பிள்ளைப்பேற்றால் மட்டும் ஆகாது. விமானத்தில் வந்து இறங்கியவர்களால் ஆனது. கார்சியா, ரோட்ரிகஸ், மார்ட்டினெஸ் மூன்றும் 2010இல் முதல் பத்து இடங்களுக்குள் இருந்ததற்கும் பெரிய காரணம் குடியேற்றமே.

அரசின் பதிவேடு இன்னொரு பெரிய சக்தி. தென்கொரியாவில் 2015 கணக்கெடுப்பில் கிம் 21.5 சதவீதம், லீ 14.7, பார்க் 8.4. மூன்று பெயர்கள் சேர்ந்து நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதம். இவர்கள் மூன்று தாத்தாக்களின் வாரிசுகள் இல்லை. பழைய கொரியாவில் அடித்தட்டு மக்கள் பலருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எல்லோரையும் பதிவேட்டில் ஏற்றியபோது, பலர் மதிப்புள்ள பெயராகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். கிம் என்ற ஒரே பெயருக்குள்ளேயே பூர்வீக ஊரை வைத்துப் பிரித்துச் சொல்லும் பல குலங்கள் உண்டு; கிம்ஹே ஊர்க் கிம் குலம் அவற்றில் பெரியது. ‘ஒரே பெயர், ஒரே வம்சம்’ என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. நம் சவுகார்பேட்டையில் கடைக்குக் கடை தொங்கும் ஜெயின் என்ற பெயரும் அப்படித்தான். அது சமயத்தைச் சொல்கிறது, இரத்த உறவைச் சொல்வதில்லை.

ஜப்பானில் 1875 முதல் எல்லோரும் குடும்பப்பெயர் வைத்துக்கொள்வது கட்டாயம் ஆனது. திருமணமானால் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப்பெயருக்கு மாற வேண்டும் என்பது அங்கே சட்டம். அதாவது ஒவ்வொரு திருமணத்திலும் ஒருவர் தம் பெயரை விடுகிறார். புதுப் பெயரோ பிறப்பதில்லை. இதே நிலை நீடித்தால் 2531ஆம் ஆண்டில் ஜப்பானியர் அனைவரும் சாத்தோ என்றே அழைக்கப்படுவார்கள் என்று தோஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி யோஷிதா 2024இல் கணக்குச் சொன்னார். உலகமெங்கும் இது செய்தியானது. பலர் இதை உண்மையான ஆருடமாக எடுத்துக்கொண்டார்கள். சாத்தோக்களின் பங்கு அப்போது வெறும் ஒன்றரை சதவீதம். அது ஓர் ஆண்டில் வளர்ந்த வேகத்தை ஐந்நூறு ஆண்டுகளுக்கு மாறாமல் நீட்டினால் கிடைக்கும் விடை அது. தம்பதியர் தத்தம் பெயரை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தர வேண்டும் என்ற வாதத்துக்கு வலுச் சேர்க்கவே அந்தக் கணக்கு போடப்பட்டது.

சுருக்கமாக: ஒரு பெயரின் பங்கைத் தற்செயலும், இடப்பெயர்ச்சியும், சட்டமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இவற்றில் சட்டம்தான் திடீரென்று மாற்றுகிறது.

## இங்கே உதிர்ந்தது, அங்கே நிலைத்தது

சமூகமே முடிவெடுத்துப் பெயர்களைக் கைவிடுவதும் உண்டு. அதற்குத் தமிழ்நாட்டைப்போல் உதாரணம் கிடைப்பது அரிது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெரியாரே ‘நாயக்கர்’ என்பதை விட்டார். முதலியார், பிள்ளை, நாயுடு, ஐயர் என்று முடிந்த பெயர்கள் அடுத்த ஒன்றிரண்டு தலைமுறைகளில் சென்னையின் பள்ளிப் பதிவேடுகளிலிருந்து பெருமளவு மறைந்தன. அந்தக் குடும்பங்கள் அழியவில்லை. பெயரை இறக்கி வைத்தார்கள், அவ்வளவுதான். பங்கு சரிவதற்கும் மக்கள் குறைவதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை என்பதற்கு நம் ஊரே சாட்சி.

இதன் மறுபக்கம் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1860 அக்டோபரில் ட்ரூரோ என்ற கப்பல் 342 பேருடன் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவர்கள். அவர்களையும் பின்னால் போனவர்களையும் பதிவுசெய்த முறையில் பட்டங்கள் கடைசிப் பெயராக உறைந்தன. நாயுடு, ‘நாய்டூ’ ஆயிற்று. முதலி, ‘மூட்லி’ ஆயிற்று. பிள்ளையும் செட்டியும் அப்படியே நின்றன. அங்கே இன்று மூட்லி என்பவர் ஒரு மூட்லிதான். அந்தச் சொல் பேரன் பேத்திகளுக்கும் இறங்கும். இங்கே அதே குடும்பத்தின் இன்னொரு கிளை அதைக் கைவிட்டுப் பல காலம் ஆகிவிட்டது.

## ஒரு தலைமுறை வாழும் பெயர்

சென்னைத் தமிழரின் வழக்கமான பெயர் இப்படித்தான் அமைகிறது: முன்னால் தந்தையின் முதலெழுத்து, பிறகு தன் பெயர். தந்தையின் பெயர் ஒரே ஒரு தலைமுறைக்குக் கடைசிப் பெயரின் வேலையைப் பார்த்துவிட்டு ஓய்வுபெறுகிறது.

ராமனின் குடும்பத்துக்கே திரும்புவோம். சந்திரசேகர ஐயரின் மகன்களில் இருவர் சி. சுப்பிரமணிய ஐயர், சி.வி. ராமன். மூத்தவரான சுப்பிரமணிய ஐயரின் மகன் எஸ். சந்திரசேகர், தாத்தாவின் பெயர் பேரனுக்கு வந்தது. சித்தப்பா ராமனுக்கு 1930இல் நோபல் பரிசு, சந்திரசேகருக்கு 1983இல். ஒரே வீட்டில் இரண்டு நோபல் பரிசுகள். ஆனால் நோபல் பட்டியலை மேலை நாட்டார் வாசித்தால் ராமன், சந்திரசேகர் என்ற இரண்டு தொடர்பில்லாத குடும்பப்பெயர்களே கண்ணில் படும்.

இதனால் நம் ஊரில் ஒரு விசித்திரம் நடக்கிறது. ஒரு வகுப்பின் வருகைப் பதிவேட்டில் தந்தை பெயர்களை மட்டும் எண்ணினால், அந்த ஊரின் ‘கடைசிப் பெயர்’ பட்டியல் கிடைக்கும். ஆனால் அது வம்சங்களின் பட்டியலாக இருக்காது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆண் குழந்தைகளுக்கு எந்தப் பெயர் வைப்பது வழக்கமாக இருந்ததோ அதன் பட்டியலாக இருக்கும். கோவிந்தசாமியும் சுப்பிரமணியனும் நிறைந்திருந்த இடத்தில் பிறகு ரமேஷும் செந்தில்குமாரும் வருவார்கள். கிளைத்தல் கணக்கு இங்கே செல்லாது. சுடர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஏற்றப்படுகிறது. ஐஸ்லாந்திலும் ஏறத்தாழ இதே முறைதான். அங்கே தந்தையின் அல்லது தாயின் பெயரோடு மகன், மகள் என்ற பின்னொட்டைச் சேர்ப்பார்கள். தொலைபேசிப் புத்தகமே அவரவர் சொந்தப் பெயர் வரிசையில்தான் அச்சாகிவந்தது. அங்கே புதிதாகக் குடும்பப்பெயர் வைத்துக்கொள்வதை 1925இல் சட்டம் தடுத்தது.

## உறையும் தருணம்

டென்மார்க்கிலும் ஒரு காலத்தில் தந்தைவழிப் பெயரே வழங்கியது. நீல்ஸின் மகன் நீல்சன், யென்ஸின் மகன் யென்சன். 1828இல் வந்த அரசாணை நிலையான குடும்பப்பெயரைக் கேட்டது. சில தலைமுறைகளில் மாறும் பெயர் மாறாத பெயர் ஆயிற்று. அப்போது எந்த ஆண் பெயர்கள் பரவலாக இருந்தனவோ அவையே நிரந்தரமாகிவிட்டன. இன்றும் நீல்சன், யென்சன், ஹான்சன் ஆகியவைதான் அங்கே முன்வரிசை. மாறிக்கொண்டிருந்த பட்டியலை ஒரு சட்டம் நடுவில் நிறுத்தினால், நிறுத்திய நேரத்தின் நிலவரமே அடுத்த சில நூற்றாண்டுகளின் நிலவரமாகிறது.

சென்னையில் இன்று இதே உறைதல் பாஸ்போர்ட் படிவத்தில் நடக்கிறது. அதில் சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம். இனிஷியலை அப்படியே எழுத முடியாது. விரித்துத்தான் எழுத வேண்டும். ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால் பின்னால் தொல்லை. சொந்தப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்ற பொருளில் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகள் பெயராகவே ஏறிவிடும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்க மறுத்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் வேறு பக்கத்தில் தந்தையின் பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது.

எனவே பலரும் தந்தை பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதுகிறார்கள். சிலர் தங்கள் சொந்தப் பெயரையே அங்கே எழுதிவிடுகிறார்கள். இங்கேயே வாழ்ந்தால் பெரிய விளைவு இல்லை. அடுத்த தலைமுறையில் பெயர் எப்படியும் மாறிவிடும். வெளிநாட்டில் பிள்ளை பிறந்து, அந்த நாட்டு வழக்கப்படி அதே கடைசிப் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஏறினால், அன்று ஒரு புதிய குடும்பப்பெயர் பிறக்கிறது. முதல் அகல் ஏற்றப்பட்டாயிற்று. இனி மேலே சொன்ன கிளைத்தல் கணக்கு முழுமையாகச் செல்லும். அந்த முதல் தலைமுறையில் அதைச் சுமப்பவர் ஒருவரோ இருவரோதான் என்பதால், மறையும் ஆபத்தும் அப்போதுதான் மிக அதிகம்.

அண்ணன் தந்தையின் பெயரைக் கடைசிப் பெயராக எழுதி ஒரு நாட்டுக்கும், தம்பி தன் பெயரை எழுதி இன்னொரு நாட்டுக்கும் போனால், அவர்களுடைய பிள்ளைகள் இரண்டு வேறு குடும்பப்பெயர்களின் கீழ் எண்ணப்படுவார்கள். எந்தப் பெயரை எழுதுவது என்பதை வீட்டில் முதல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே உடன்பிறந்தவர்கள் கூடிப் பேசி, எழுத்துக்கூட்டல் உட்பட எல்லோருக்கும் ஒன்றாகவே முடிவு செய்துகொள்வது நல்லது. பிறகு திருத்துவதற்கு உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு என்று அலைய வேண்டிவரும்.